விலை ஏறட்டும் என்று காத்திருந்து விற்று, பெரிய வீடு வாங்கலாமா?

கேள்வியை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை ஒன்பது வருடம் முன்பு கடன் போட்டு வாங்கியிருக்கிறீர்கள். கடன் இன்னும் ஓடுகிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் போதவில்லை, மூன்று அறை வீட்டுக்கு மாறவேண்டும். "உங்கள் பகுதியில் வீட்டு விலை ஒரே வருடத்தில் 12% உயர்வு" என்று செய்தி வந்திருக்கிறது. புரோக்கர் "இன்னும் ஒரு வருடம் பொறுங்கள், மேலும் ஏறும், அப்புறம் விற்கலாம்" என்கிறார். மைத்துனர் "முதலில் புது வீட்டைப் பிடித்துவிடு, பழையது எப்போது வேண்டுமானாலும் போகும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேர் பேச்சையும் கேட்கவேண்டாம் என்பதுதான் என் பதில். இருபது வருடத்துக்கு மேல் வங்கிகளுக்காக வீடுகளை மதிப்பிட்டுக் கொடுத்தவன் நான். இதே கேள்வியோடு வந்தவர்கள் ஏராளம். அநேகமாக எல்லாருமே ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: விலை ஏறுவது தங்களுக்கு நல்ல செய்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் நிலையில் இருப்பவருக்கு அது கெட்ட செய்தி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டின் இன்றைய விலை 100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போக நினைக்கும் வீடு 160. நீங்கள் புதிதாகப் புரட்டவேண்டியது 60. புரோக்கர் சொன்னபடி ஒரு வருடம் பொறுத்து, இரண்டுமே 12% ஏறிவிட்டன என்றால், உங்களுடையது 112, அந்த வீடு 179.2. இப்போது புரட்டவேண்டியது 67.2. நம் வீடு 12 ஏறிவிட்டது என்று நாம் குதூகலிக்கும் அதே நேரத்தில் நாம் வாங்கப்போகும் வீடு 19.2 ஏறியிருக்கிறது. தலைகீழாகவும் பாருங்கள். சந்தை 10% இறங்கினால் உங்கள் வீடு 90, அது 144, வித்தியாசம் 54 தான். பெரிய வீட்டுக்கு மாறுகிறவருக்கு மந்தமான சந்தைதான் தோது. ஏறும் சந்தை யாருக்குச் சாதகம் என்றால், பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்கு இறங்குகிறவருக்கும், விற்றுவிட்டு வாடகைக்குப் போகிறவருக்கும், பல வீடு வைத்திருந்து ஒன்றைத் தள்ளிவிடுகிறவருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கடன் பாக்கி அதிகமாக இருப்பவருக்கு விலை இறங்கினால் வேறொரு அடி விழும். 20 வருடக் கடன், வட்டி 8% என்றால், ஒன்பது வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் ஏறக்குறைய 73% பாக்கி நிற்கும். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் வங்கி தரும் தவணை அட்டவணையை எடுத்துப் பாருங்கள். முதல் மாதத் தவணையில் ஐந்தில் நான்கு பங்கு வட்டிக்கே போகிறது. அசலில் பாதி கரைய பதின்மூன்றரை வருடம் ஆகும். விற்ற பணத்தில் வங்கிக்குப் போனது போக மிஞ்சுவதுதான் உங்கள் அடுத்த வீட்டுக்கான முன்பணம். விலை 100, பாக்கி 70 என்றால் கையில் 30. விலை 90க்கு இறங்கினால் கையில் 20 தான். வித்தியாசம் சுருங்கியது லாபம்தான், ஆனால் முன்பணம் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதால் அடுத்த வங்கி கடன் தர யோசிக்கும். ஆகவே முதல் வேலை, செய்தியைப் படிப்பதை நிறுத்திவிட்டு, இன்றைய தேதியில் கடனை முடிக்க எவ்வளவு கட்டவேண்டும் என்று உங்கள் வங்கியிடம் எழுத்தில் வாங்குவது. முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் ஏதாவது உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி அந்த 12% என்ற எண்ணுக்கு வருவோம். எதன் 12%? இதைக் கேட்காமல் யாரும் முடிவெடுக்கக்கூடாது.

பத்து வீடுகள் விற்ற ஒரு பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் சின்ன வீடு ஆறு, தலா 60க்கு; பெரிய வீடு நான்கு, தலா 120க்கு. சராசரி 84. இந்த வருடம் சின்னது நான்கு, பெரியது ஆறு, அதே 60, அதே 120. சராசரி 96. "விலை 14% உயர்வு" என்று செய்தி வரும். ஒரு வீட்டின் விலைகூட ஒரு காசு ஏறவில்லை. சராசரி ஏமாற்றும் என்று சிலர் நடுவெண்ணைக் கொடுப்பார்கள், அதாவது விலைகளை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்பது. நம் பேட்டையில் அது 60இலிருந்து 120க்குத் தாவியிருக்கும்! நூற்றுக்கணக்கான விற்பனை இருக்கும் பெரிய நகரத்துக்கு நடுவெண் நல்ல அளவுகோல்தான். நாலு தெருவுக்கு அது வெறும் கூத்து.

இந்தச் சிக்கல் தெரிந்துதான் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் கார்ல் கேஸும் ராபர்ட் ஷில்லரும் 1980களில் ஒரே வீடு இரண்டு முறை விற்றபோது கிடைத்த விலைகளை ஜோடி சேர்த்து, விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியீட்டெண் ஒன்றைக் கட்டினார்கள். வீடு அதேதான் என்பதால், பெரிய வீடு அதிகம் விற்றதா சின்ன வீடு அதிகம் விற்றதா என்ற குழப்பமே வராது. உங்களுக்கு வந்த செய்தி எந்த வழியில் கணக்கிட்டது என்று தேடிப் பாருங்கள். சொல்லவே இல்லை என்றால் அது பெரும்பாலும் விளம்பரங்களில் கேட்கும் விலையாக இருக்கும். கேட்கும் விலை ஆசை. கைமாறிய விலைதான் சந்தை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உண்மையில் செய்தி, அதை யாரும் தலைப்பில் போடுவதில்லை. போதாக்குறைக்குத் தாமதம் வேறு. பேசி முடித்து, கடன் வாங்கி, பதிவு முடிந்து, அது புள்ளிவிவரத்தில் ஏறுவதற்குள் பல மாதம் ஓடிவிடும். இன்று படிப்பது போன பருவத்து விலை.

'உள்ளூர்' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். 2006இல் உச்சத்தைத் தொட்ட அமெரிக்க வீட்டு விலை 2012 தொடக்கத்துக்குள் நாடு முழுக்கச் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அதே வருடங்களில் லாஸ் வேகஸில் 60%க்கு மேல் விழுந்தது, டாலஸில் சுமார் 10% தான். ஒரே நாடு, ஒரே வட்டி, ஒரே நாணயம். ஒன்றில் தேவைக்கு மேல் வீட்டைக் கட்டிக் குவித்து, கைமாற்றி லாபம் பார்க்கவென்றே வாங்கினார்கள். இன்னொன்றில் விலை அந்த அளவுக்கு ஏறவே இல்லை, அதனால் விழ உயரமும் இல்லை. நகரத்துக்கு நகரம் இப்படியென்றால், ஒரே நகரத்தில் உங்கள் பழைய வீடு இருக்கும் பகுதியும் நீங்கள் போக நினைக்கும் பகுதியும் ஒரே வேகத்தில் நகரும் என்று நினைக்கக் காரணமே இல்லை. மேலே போட்ட 100க்கு 160 கணக்கு இரண்டும் ஒன்றாக ஏறும் என்ற அனுமானத்தில் போட்டது. உங்கள் பகுதி மட்டும் சூடாகி, போகும் பகுதி தூங்கிக்கொண்டிருந்தால் புரோக்கர் சொல்வதில் நியாயம் வரும். ஆனால் அதை அவர் சொல்லவில்லை, நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

எப்படி? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு பகுதிக்கும் தனித்தனிப் பக்கம். ஒவ்வொன்றிலும் இன்றைக்கு விற்பனைக்கு இருக்கும், உங்களுக்குத் தேவையான அளவு வீடுகள் எத்தனை என்று எண்ணுங்கள். கடந்த மூன்று மாதத்தில் உண்மையிலேயே விற்று முடிந்தவை எத்தனை என்று விசாரித்து மூன்றால் வகுங்கள். விற்பனைக்கு நிற்பது 48, மாதத்துக்கு விற்பது 8 என்றால் ஆறு மாதச் சரக்கு இருக்கிறது. ஆறு மாதத்தை ஒட்டி இருந்தால் இரண்டு தரப்பும் சமபலம் என்பது இந்தத் தொழிலில் பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. மூன்றுக்குக் கீழே போனால் விற்பவர் கை ஓங்கியிருக்கும், எட்டு ஒன்பது என்று போனால் வாங்குபவர் நிதானமாகப் பேசலாம். அடுத்து, விளம்பரம் வந்த நாளிலிருந்து எத்தனை நாள் நிற்கிறது, நடுவில் விலையைக் குறைத்துப் போட்டார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். விலை இறங்கும் முன்பு முதலில் மாறுவது இவைதான். விற்பவர்கள் விலையைக் குறைக்க மனம் வராமல் மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அந்தக் காலத்தில் செய்தியில் விலை அப்படியே நிற்பதாகத்தான் வரும், ஆனால் விற்பனை எண்ணிக்கை சரிந்திருக்கும்.

வட்டி ஏறினால் விலை இறங்கும் என்று பலர் காத்திருப்பதும் இதே இடத்தில்தான் தோற்கிறது. அமெரிக்காவில் 30 வருட வீட்டுக் கடனுக்கான நிலையான வட்டி 2021 ஜனவரியில் 2.65% வரை இறங்கி, 2023 அக்டோபரில் 7.79% ஆனது. விலை பொடிப்பொடியாகும் என்றார்கள். விலை பெரிதாக விழவில்லை, விற்பனைதான் விழுந்தது: 2023இல் பழைய வீடுகளின் விற்பனை 1995க்குப் பிறகு அதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்தது. பழைய குறைந்த வட்டிக் கடனை விட்டுவிட்டுப் புதிய வட்டிக்கு யார் மாறுவார்கள்? விற்க வருபவரும் இல்லை, வாங்க வருபவரும் இல்லை. இது உங்களுக்கும் பொருந்தும். பழைய கடனின் வட்டியையும் புதிதாக வாங்கப்போகும் கடனின் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 20 வருடக் கடனில் வட்டி 8இலிருந்து 9% ஆனால் மாதத் தவணை சுமார் 7.5% கூடும், தவணையை அப்படியே வைத்தால் கிடைக்கும் கடன் சுமார் 7% குறையும். விலையில் பேரம் பேசி 3% குறைக்க ஒரு மாதம் அலைகிற மனிதர், வட்டியில் அரைப் புள்ளி குறைக்க மூன்று வங்கி ஏறி இறங்கச் சோம்பல்படுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சரி, விற்கும் பக்கம். உங்கள் மனதில் ஒரு விலை இருக்கும், அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வாங்கிய விலை, கட்டிய வட்டி, போட்ட மர வேலை, செய்தியில் வந்த 12% எல்லாம் கூட்டி வந்த தொகையாக இருக்கும். வாங்க வருபவருக்கு இதில் எதுவுமே சம்பந்தமில்லை. டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இருவர் 1990களில் பாஸ்டன் நகரத்து அடுக்குமாடி வீடுகளின் விற்பனையை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்கவேண்டிய நிலையில் இருந்தவர்கள், தங்களுக்கு வரப்போகும் நஷ்டத்தில் 25 முதல் 35% வரை விலைமேல் ஏற்றிச் சொன்னார்கள். அதில் ஒரு சிறு பகுதி கிடைக்கவும் கிடைத்தது. ஆனால் வீடு நெடுநாள் விற்காமல் நின்றது. வெளிநாட்டு அறிவாளிகள் கண்டுபிடித்ததுதான் என்றாலும், எந்த ஊர் திண்ணையில் உட்கார்ந்தாலும் இதைப் பார்க்கலாம்: "வாங்குன காசுக்காவது போகட்டும்" என்று ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு.

அதிக விலை போட்டுப் பார்ப்போம், வராவிட்டால் குறைத்துக்கொள்ளலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். நடப்பது வேறு. புதிதாக விற்பனைக்கு வந்த வீட்டை முதல் இரண்டு மூன்று வாரத்தில் பார்ப்பவர்கள்தான் உண்மையான வாங்குபவர்கள். அவர்கள் மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருப்பவர்கள், அந்தப் பகுதி விலை அவர்களுக்கு அத்துப்படி. அதிகம் என்று அவர்கள் ஒதுக்கிவிட்டுப் போனால், மூன்று மாதம் கழித்து நீங்கள் குறைக்கும்போது வருபவர்கள் "இத்தனை நாள் ஏன் போகவில்லை, ஏதோ வில்லங்கம்" என்ற சந்தேகத்தோடு வருவார்கள். சந்தேகத்துக்கும் ஒரு விலை கழியும்.

விலையை நிர்ணயிக்க நாங்கள் செய்வதை நீங்களும் செய்யலாம், மந்திரம் ஒன்றுமில்லை. நடந்துபோகும் தூரத்தில், கடைசி ஆறு மாதத்தில் கைமாறிய, உங்களுடையதைப் போன்ற வீடு மூன்றைத் தேடுங்கள். பல இடங்களில் பதிவான விலையை யாரும் பார்க்கலாம். பதிவில் காட்டிய தொகை ஒன்று, கொடுத்த தொகை ஒன்று என்ற பழக்கம் உள்ள இடமாக இருந்தால், சமீபத்தில் வாங்கியவரையே போய்க் கேளுங்கள். வாங்கியவர் பெரும்பாலும் மறைக்கமாட்டார், மலிவாக வாங்கினேன் என்று பெருமை பேசுவதில் அவருக்குச் சந்தோஷம். பிறகு வித்தியாசங்களைக் கழித்துக் கூட்டுங்கள். அந்த வீட்டில் வண்டி நிறுத்த இடம் உண்டு, உங்களிடம் இல்லை என்றால் கழிவு. அது மேல்தளம், ஒழுகும் பயம். உங்களுடையது நடுத்தளம் என்றால் கூட்டு. கழித்துக் கூட்டிய பிறகு மூன்றும் ஒன்றை ஒன்று நெருங்கி வந்தால் அதுதான் விலை. நெருங்கவே இல்லை என்றால் எடுத்த மூன்றும் உங்கள் வீட்டைப் போன்றவை அல்ல.

புரோக்கர் விஷயம். ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஒரு லட்சத்துக்குக் கிட்டத்தட்டவான விற்பனைகளை எடுத்து, புரோக்கர்கள் தங்கள் சொந்த வீட்டை எப்படி விற்கிறார்கள் என்று பார்த்தார்கள். சொந்த வீட்டைச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாக வைத்திருந்து, 3.7% கூடுதல் விலைக்கு விற்றிருந்தார்கள். அதில் கெட்ட எண்ணம் தேடவேண்டாம். நீங்கள் 3% கூடுதலாகப் பெற்றால் அதில் அவருக்கு வரும் கமிஷன் சொற்பம், அதற்காக இன்னும் பத்து நாள் அலைய அவருக்குக் கட்டுபடியாகாது. ஆகவே புரோக்கர்கள் வழக்கமாக "வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றுதான் சொல்வார்கள். உங்களுடையவர் பொறுங்கள் என்கிறார், இது கொஞ்சம் விசித்திரம். ஒருவேளை உங்களிடம் முதலில் அதிக விலை சொல்லி வீட்டை விற்கும் பொறுப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, இப்போது அந்த விலைக்கு ஆள் கிடைக்காமல் இருக்கலாம். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கடந்த மூன்று மாதத்தில் இந்தப் பகுதியில் நீங்களே முடித்துக் கொடுத்த வீடு எத்தனை, என்ன விலைக்கு? பதில் தயங்கி வந்தால் உங்களுக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிடும்.

விற்பதற்கு முன்பு சமையலறையை உடைத்துப் புதிதாகக் கட்டுவது, குளியலறைக்கு விலை உயர்ந்த கல் பதிப்பது எல்லாம் வேண்டாம். போட்ட பணம் முழுதாகத் திரும்புவது அபூர்வம், உங்கள் ரசனை வாங்குபவர் ரசனையாக இருக்கவும் போவதில்லை. சொட்டும் குழாய், உடைந்த சுவிட்ச், கீச்சிடும் கதவு, அழுக்கேறிய சுவர், கண்ணாடி இல்லாத ஜன்னல்: இவற்றைச் சரிசெய்யுங்கள். சின்னதைப் பராமரிக்காதவர் பெரியதை எப்படிப் பார்த்திருப்பார் என்றுதான் வருபவர் நினைப்பார்.

குறையை மறைப்பதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் எல்லாச் சரக்குக்கும் கழிவு விலைதான் கிடைக்கும் என்று பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் பழைய கார்களை உதாரணமாக வைத்துக் காட்டினார், பின்னால் அதற்கு நோபல் பரிசும் வந்தது. அதாவது வாங்குபவர் எப்போதும் ஏதோ மறைத்திருக்கிறார்கள் என்று எண்ணித்தான் விலை பேசுவார். "மாடியில் இந்த மூலையில் ஒழுகியது, போன வருடம் சரிசெய்தோம், பில் இதோ" என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால், சொல்லாத மற்ற விஷயங்களில் அவருக்கு நம்பிக்கை வரும். நான் மதிப்பிடப் போன ஒரு வீட்டில் ஓதம் ஏறிய சுவரை மறைத்துப் பெரிய அலமாரியை நிறுத்தியிருந்தார்கள். அலமாரியை நகர்த்தச் சொன்னேன். ஓதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவைவிட, அந்த அலமாரியால் விலையில் கழிந்தது அதிகம்.

இதே கண்ணோடு நீங்கள் வாங்கப்போகும் வீட்டைப் பாருங்கள். விளம்பரத்தில் சொல்லும் விலை உங்கள் கண்ணை மறைக்கும், இதில் யாரும் விதிவிலக்கல்ல. கிரிகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1987இல் ஒரு சோதனை செய்தார்கள்: அரிசோனாவின் டூசான் நகரில் ஒரே வீட்டை, ஒரே விவரங்களோடு, கேட்கும் விலையை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லி மாணவர்களுக்கும் தொழில்முறை வீட்டுத் தரகர்களுக்கும் காட்டினார்கள். அதிக விலை சொல்லப்பட்டவர்கள் அதிகமாக மதிப்பிட்டார்கள், தரகர்களும்தான். கேட்டபோது அந்த விலையைத் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றே பெரும்பாலான தரகர்கள் சொன்னார்கள்! நானும் அந்த வலையில் விழுந்திருப்பேன், சந்தேகமில்லை. ஆகவே வீட்டைப் பார்க்கும் முன்பே, அந்தப் பகுதியில் கைமாறிய விலைகளை வைத்து உங்கள் உச்ச விலையை நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். பார்த்தபின் எழுதினால் அது அவர்கள் விலையாகிவிடும்.

பார்க்கப் போவதை இரண்டு தடவையாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று இரவில், முடிந்தால் இன்னொன்று மழை பெய்த மறுநாள். ஒரே சுவரில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். தரையை ஒட்டி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கீழிருந்து ஓதம் ஏறுகிறது. பூச்சில் மயிரிழை வெடிப்பு எல்லா வீட்டிலும் இருக்கும், அதற்குப் பயப்படவேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, படிக்கட்டு போல் செங்கல் வரிசையில் இறங்கும் வெடிப்பு, ஒரு நுனி மெல்லியதாகவும் மறு நுனி அகன்றும் இருக்கும் வெடிப்பு இருந்தால், அடித்தளம் அசைந்திருக்கலாம். கட்டடப் பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். கதவுகள் தானாகச் சாத்திக்கொள்கின்றனவா, உரசுகின்றனவா என்று பாருங்கள். பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணம் பெரிதாகத் தோன்றும், வீட்டு விலையோடு ஒப்பிட்டால் தூசு.

காகிதம் பற்றி நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, அதனால் விரிவாகப் போகவில்லை. ஆனால் எங்கும் கேட்கவேண்டியவை ஒன்றுதான். விற்பவர்தான் உரிமையாளரா, தனியாகவா கூட்டாகவா? பரம்பரையாக வந்த சொத்து என்றால் பங்குள்ள எல்லாரும் கையெழுத்திடுவார்களா? அடமானம், வழக்கு, வரி பாக்கி உண்டா? பத்திரத்தில் உள்ள அளவும் தரையில் அளந்தால் வரும் அளவும் ஒன்றா? கட்டியிருப்பது அனுமதி வாங்கிய வரைபடத்தின்படியா? குடியிருப்பவர் யாராவது இருந்தால் எந்த உரிமையில் இருக்கிறார்? இவற்றுக்கு உங்கள் சொந்த வழக்கறிஞர் பதில் சொல்லவேண்டும். விற்பவர் ஏற்பாடு செய்த வழக்கறிஞரோ, "எங்கள் ஆளே எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்று புரோக்கர் காட்டுபவரோ வேண்டாம். வங்கி கடன் தருகிறது என்றாலே காகிதம் சுத்தம் என்று நினைப்பதும் தவறு. வங்கி பார்ப்பது தன் கடன் திரும்புமா என்பதை, உங்கள் நிம்மதியை அல்ல.

கடைசியாக மைத்துனர் சொன்ன யோசனை. முதலில் வாங்கி, பிறகு விற்பது ஏறும் சந்தையில், சரக்கு மாதம் மூன்றுக்குக் கீழே இருக்கும் பகுதியில், கையில் ஆறு மாதம் இரண்டு தவணை கட்டும் தெம்பு உள்ளவருக்குச் சரி. உங்களுக்கு அந்தத் தெம்பு இருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை. இரண்டு தவணை கழுத்தை நெரிக்க ஆரம்பித்த மூன்றாவது மாதம், பழைய வீட்டை வருகிற விலைக்குத் தள்ளிவிடுவீர்கள்; புது வீட்டில் பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். முதலில் விற்றுவிட்டுத் தேடுவதிலும் கஷ்டம் உண்டு, நடுவில் வாடகை வீடு, இரண்டு தடவை சாமான் ஏற்றி இறக்குவது. ஆனால் அந்தச் செலவு என்ன என்று முன்கூட்டியே எண்ணிச் சொல்லிவிடலாம். இரண்டு வீட்டைச் சுமப்பதற்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், புது வீட்டை இப்போதே தேட ஆரம்பித்து, அந்தப் பகுதி விலை அத்துப்படியாகும்வரை முன்பணம் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே, பழைய வீட்டை இந்த மாதமே சரியான விலையில் விற்பனைக்கு விடுவேன். ஆள் வந்ததும் விலையில் அடம்பிடிக்காமல் காலத்தில் அடம்பிடிப்பேன்: கையெழுத்து இப்போது, வீட்டை ஒப்படைப்பது நான்கு மாதம் கழித்து. அல்லது விற்ற பிறகும் அதே வீட்டில் சில மாதம் வாடகைக்கு இருந்துகொள்ள எழுத்தில் ஒப்பந்தம். வாங்குபவர் இதற்குச் சம்மதித்து, பதிலுக்கு விலையில் 1% குறைக்கச் சொன்னால் கொடுத்துவிடுங்கள். அந்த நான்கு மாதத்தில் அவசரமில்லாமல் நீங்கள் பேசப்போகும் பேரம் 160க்கு, இந்த 1% வெறும் 100க்கு.